அந்த வரியைச் சொன்னது தூசிடிடிஸ் இல்லை: பழைய கிரேக்க வரலாற்று நூல்களில் நீதியை எங்கே தேடுவது?

உலக அரசியல் பற்றிய செய்திகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "வலியவன் தன்னால் முடிந்ததைச் செய்வான், எளியவன் பட்டுத்தான் ஆக வேண்டும்." கீழே தூசிடிடிஸ் என்ற பழைய கிரேக்க வரலாற்றாசிரியரின் பெயர் போட்டிருக்கும். ஒரு பெரிய நாடு பக்கத்து நாட்டுக்குள் படையோடு நுழைந்தாலும் சரி, வரி போட்டு மிரட்டினாலும் சரி, இந்த வரி தயாராக வந்து நிற்கும். சிலர் "2400 வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார் பாருங்கள்" என்று மெச்சுகிறார்கள், சிலர் "இப்படி ஒரு ஈவிரக்கமில்லாத ஆளா" என்று திட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் கவனிக்காதது ஒன்று உண்டு. அது தூசிடிடிஸ் தன் கருத்தாக எழுதியது இல்லை. அவர் புத்தகத்தில் ஏதென்ஸின் தூதர்கள் ஒரு சின்னத் தீவின் தலைவர்களிடம் பேசுகிற பேச்சு அது. அந்தத் தூதர்களை அனுப்பிய ஊர் மூன்றே வருஷத்தில் என்ன கதிக்கு ஆளானது என்பதையும் அதே புத்தகம்தான் சொல்கிறது.

பழைய கிரேக்கர்கள் வரலாறு எழுதியதே பாடம் சொல்லத்தான் என்பது உண்மை. ஆனால் பாடத்தைப் புத்தகத்தின் எந்த இடத்தில் வைத்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அது தெரியாமல் ஒரு வரியை மட்டும் உருவி எடுத்தால், எழுதியவர் காட்ட நினைத்ததற்கு நேர் எதிரான இடத்தில் போய் நிற்போம்.

## முதலில் அடிப்படை

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், அவருக்கு அடுத்த தலைமுறையில் தூசிடிடிஸ், 4ஆம் நூற்றாண்டில் செனபோன், 2ஆம் நூற்றாண்டில் பாலிபியஸ், 1ஆம் நூற்றாண்டில் சிசிலிக்காரரான டியோடோரஸ், கி.பி. 100ஐ ஒட்டி புளூட்டார்க். நடுவில் பலர் எழுதியிருக்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேரின் நூல்கள் அழிந்துவிட்டன. ஆக "கிரேக்க வரலாற்று நூல்" என்று ஒரே மூச்சில் சொல்வது ஐந்நூறு, அறுநூறு வருஷத்துச் சமாச்சாரம்.

இவர்கள் யாரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இல்லை. தூசிடிடிஸ் ஏதென்ஸின் படைத்தலைவராக இருந்தவர், கி.மு. 424இல் ஆம்ஃபிபோலிஸ் நகரம் ஸ்பார்ட்டாவிடம் போனதைத் தடுக்க முடியாமல் 20 வருஷம் நாடுகடத்தப்பட்டவர். செனபோன் கூலிப்படையோடு பாரசீகத்துக்குள் போய் உயிரோடு திரும்பியவர். பாலிபியஸ் ரோமுக்குப் பிணையாகப் பிடித்துப் போகப்பட்ட சுமார் ஆயிரம் பேரில் ஒருவர். தோல்வியைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் எழுதும்போது "இது ஏன் நடந்தது" என்ற கேள்வியும் "யார் செய்த தப்பு" என்ற கேள்வியும் பின்னிக்கொண்டுதான் வரும். இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குப் பெரிதாக இல்லை.

பாடத்தை வைக்க அவர்களுக்கு இருந்த வழிகளைச் சுமாராக இப்படிப் பிரிக்கலாம்:

1. கதை போகிற போக்கிலேயே வைப்பது. எச்சரிக்கிற ஒரு பெரியவர், கேட்காத ஒரு ராஜா, பின்னால் வருகிற வீழ்ச்சி. இது ஹெரோடோட்டஸ்.
2. எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் வைப்பது. எழுதுபவர் வாயே திறக்க மாட்டார். இது தூசிடிடிஸ்.
3. கதையை நிறுத்திவிட்டு வாசகரிடம் நேராகவே பேசுவது. செனபோன் எப்போதாவது செய்வார், பாலிபியஸ் அடிக்கடி.
4. ஒரு ஆளின் வாழ்க்கையை எடுத்துக் காட்டுவது. புளூட்டார்க் இதில்தான் பேர் வாங்கினார்.

இரண்டு சொற்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஹூப்ரிஸ் என்றால் வெறும் கர்வம் இல்லை. தன் பலத்தைக் காட்டுவதற்காக அடுத்தவரை அவமானப்படுத்துவது, வரம்பு மீறுவது. ஏதென்ஸில் இதற்கு வழக்கே போடலாம். டூகே என்பது மனிதக் கணக்குக்கு அடங்காமல் வந்து விழுகிற அதிர்ஷ்டம் அல்லது துரதிர்ஷ்டம். ஹெரோடோட்டஸ் பக்கம் போனால் முதலாவது முக்கியம், பாலிபியஸ் பக்கம் வந்தால் இரண்டாவது.

## குரோசஸ்: பாடம் கற்றவனும் தப்பு செய்வான்

ஹெரோடோட்டஸின் முதல் பெரிய கதை லிடியா நாட்டு ராஜா குரோசஸ் பற்றியது. ஏதென்ஸின் சட்டம் வகுத்த சோலோன் ஊர் சுற்றிக்கொண்டு சார்டிஸ் நகரத்துக்கு வருகிறார். கருவூலத்தை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, உலகத்திலேயே பாக்கியசாலி யார் என்று குரோசஸ் கேட்கிறான். தன் பெயர்தான் வரும் என்று நினைப்பு. சோலோன் டெல்லஸ் என்கிறார். யார் அது? ஏதென்ஸில் ஒரு குடிமகன். ஊர் நன்றாக இருந்தது, பிள்ளைகள் நல்லவர்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் பிழைத்திருந்தார்கள், கடைசியில் ஊருக்காகச் சண்டை போட்டுச் செத்தான், அவ்வளவுதான். சரி, இரண்டாவது? அதுவும் குரோசஸ் இல்லை. ஆர்கோஸ் ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேர், மாடு வந்து சேராததால் தாயை வைத்து வண்டியைத் தாங்களே 45 ஸ்டேடியா, அதாவது சுமார் 8 கிலோமீட்டர், இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய், அன்றிரவு அங்கேயே தூக்கத்தில் இறந்துபோனவர்கள். அப்புறம் சோலோன் கணக்குப் போடுகிறார்: மனித ஆயுள் 70 வருஷம், இடையில் சேர்க்கிற மாதங்களோடு 26,250 நாள், ஒரு நாள் போல இன்னொரு நாள் இல்லை, அதனால் முடிவைப் பார்க்காமல் யாரையும் பாக்கியசாலி என்று சொல்லாதே.

குரோசஸ் அவரை மதிக்காமல் அனுப்பிவிடுகிறான். பிறகு வரிசையாக அடி. மகன் வேட்டையில் இறக்கிறான். டெல்ஃபி குறிமேடையில் கேட்டால், பாரசீகத்தின் மேல் படையெடுத்தால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்கிறார்கள். எந்த சாம்ராஜ்யம் என்று கேட்கத் தோன்றவில்லை. கி.மு. 546 வாக்கில் பாரசீக ராஜா சைரஸ் சார்டிஸைப் பிடிக்கிறான். குரோசஸை விறகு மேட்டில் ஏற்றி நெருப்பு வைக்கும்போது அவன் மூன்று முறை சோலோன் பெயரைச் சொல்கிறான். அது என்ன என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட சைரஸுக்கு, தானும் ஒரு மனிதன்தானே என்று உறைக்கிறது. நெருப்பை அணை என்கிறான், மனிதர்களால் முடியவில்லை, மழை வந்து அணைக்கிறது.

பலர் இதோடு நிறுத்திக்கொண்டு "அகங்காரம் அழிவு தரும்" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு வருவதுதான் பெரிதாகத் தெரிகிறது. குரோசஸ் சைரஸுக்கு ஆலோசகன் ஆகிவிடுகிறான். பல வருஷம் கழித்து சைரஸ் மசாகெட்டே என்ற மக்கள் மேல் படையெடுத்துப் போகும்போது, ஆற்றைத் தாண்டிப் போய்ச் சண்டை போடுவதா, அவர்களை இந்தப் பக்கம் வரவிடுவதா என்று கேள்வி வருகிறது. மற்ற ஆலோசகர்கள் எல்லோரும் அவர்களே வரட்டும் என்கிறார்கள். குரோசஸ் மட்டும் எழுந்து, நான் பட்ட துன்பங்களே எனக்குப் பாடமாயின, மனித வாழ்க்கை ஒரு சக்கரம், ஒருவனே எப்போதும் மேலே இருக்க முடியாது என்று அழகாகப் பேசிவிட்டு, ஆற்றைத் தாண்டிப் போங்கள் என்கிறான். சைரஸ் போகிறான், சாகிறான். அந்த மக்களின் ராணி டோமிரிஸ் அவன் தலையை ரத்தம் நிரப்பிய தோல் பைக்குள் முக்குகிறாள்.

ஆக, பாடத்தைக் கற்றவன், அதைச் சரியாகவே சொல்லத் தெரிந்தவன், கொடுத்த யோசனை தப்பு. ஹெரோடோட்டஸ் இதற்கு ஒரு வார்த்தை விளக்கம் தரவில்லை. நீதிக்கதை எழுதுகிறவர் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

இன்னொரு விஷயம். குரோசஸுக்கு ஏன் இந்தக் கதி என்பதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்லி ஹெரோடோட்டஸ் விடவில்லை. தன்னைப் பாக்கியசாலி என்று நினைத்தது ஒன்று. ஐந்து தலைமுறைக்கு முன்பு அவன் மூதாதை கைகெஸ், எஜமானைக் கொன்று அரியணை ஏறிய பாவம் இன்னொன்று. குறி கேட்டுச் சரியாகப் புரிந்துகொள்ளாத அவசரம் மூன்றாவது. தெய்வம், பரம்பரை, சொந்தப் புத்தி மூன்றும் ஒரே கதையில். ஹெலஸ்பான்ட் கடலுக்கே 300 சவுக்கடி கொடுக்கச் சொன்ன பாரசீக ராஜா செர்க்சீஸ் கதையிலும் இப்படித்தான்: அதே ஆள் அபிடோஸில் தன் படையைப் பார்த்து, நூறு வருஷத்தில் இவர்களில் ஒருத்தன்கூட உயிரோடு இருக்க மாட்டானே என்று அழுகிறான்.

## மெலோஸிலிருந்து சிராக்கூஸ் கல்குழி வரை

இப்போது அந்தப் பிரபல வரிக்கு வரலாம். கி.மு. 416. மெலோஸ் ஒரு சின்னத் தீவு, ஸ்பார்ட்டாக்காரர்கள் குடியேறிய ஊர். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடக்கிற போரில் ஒதுங்கி நிற்கப் பார்க்கிறார்கள். ஏதென்ஸ் 38 கப்பலோடு வந்து, சரணடையுங்கள் என்கிறது. மெலோஸ் தலைவர்கள் தூதர்களை மக்கள் முன் பேச விடாமல் உள்ளே வைத்துப் பேசுகிறார்கள். நியாயம் அநியாயம் எல்லாம் சம பலம் உள்ளவர்களுக்குள் பேசுவது, இங்கே வலியவன் செய்வான் எளியவன் படுவான் என்று தூதர்கள் ஆரம்பிப்பது அந்த அறையில்தான். மெலோஸ்காரர்கள் தெய்வம் துணை, ஸ்பார்ட்டா துணை, நம்பிக்கையை விட மாட்டோம் என்கிறார்கள். நம்பிக்கை என்பது வசதி இருக்கிறவன் வைத்துக்கொள்ளலாம், இருப்பதை எல்லாம் அதன் மேல் பந்தயம் கட்டுகிறவன் அழிந்த பிறகுதான் அதன் குணத்தைப் புரிந்துகொள்வான் என்று தூதர்கள் சிரிக்காத குறையாகச் சொல்கிறார்கள். தெய்வமும் வரவில்லை, ஸ்பார்ட்டாவும் வரவில்லை. அகப்பட்ட ஆண்கள் எல்லோரையும் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்று, 500 பேரைக் குடியேற்றினார்கள்.

இதற்குத் தூசிடிடிஸ் "ஐயோ" என்று ஒரு சொல் எழுதவில்லை. அடுத்த வாக்கியம், அதாவது இன்றைய பகுப்பில் அடுத்த புத்தகத்தின் முதல் வாக்கியம், என்ன தெரியுமா? அதே குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் சிசிலியைப் பிடிக்கப் போக நினைத்தார்கள், அந்தத் தீவு எவ்வளவு பெரியது, எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

கி.மு. 415இல் நூற்றுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களோடு கிளம்பிப் போய், 413இல் எல்லாவற்றையும் இழந்தார்கள். கிளம்பித் தப்பிக்க வேண்டிய நேரத்தில் சந்திர கிரகணம் வந்தது, குறி சொல்கிறவர்கள் மூன்று ஒன்பது, 27 நாள் காத்திருக்கச் சொன்னார்கள், தளபதி நிசியாஸ் காத்திருந்தார். கடைசியில் தரைவழியாகத் தப்பி ஓடும்போது நிசியாஸ் வீரர்களிடம் பேசுகிற பேச்சைப் படித்தால் காது குறுகுறுக்கும்: நான் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறேன், தெய்வங்கள் நம் மேல் கோபப்பட்டிருந்தால் பட்ட தண்டனை போதும், இனி இரக்கம் காட்டுவார்கள். மெலோஸ்காரர்கள் பேசிய அதே பேச்சு. மூன்று வருஷத்துக்கு முன்பு அதைக் கிண்டல் செய்த ஊரின் தளபதி வாயில் இப்போது வருகிறது.

பிடிபட்டவர்களில் 7000 பேருக்குக் குறையாமல் சிசிலியின் சிராக்கூஸ் ஊர்க் கல்குழிகளில் அடைத்தார்கள். மேலே கூரை கிடையாது, பகலில் வெயில், இலையுதிர் கால இரவுகளில் குளிர், செத்தவர்களின் உடல்கள் பக்கத்திலேயே குவிந்து கிடக்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர், அதைப் போல இரண்டு மடங்கு அளவு தானியம். எட்டு மாதம். தூசிடிடிஸ் அளவோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இதிலிருந்து "மெலோஸில் செய்த பாவத்துக்குச் சிசிலியில் தண்டனை" என்று கோடு போட்டால் அதுவும் அவசரம்தான். அவர் அப்படிச் சொல்லவே இல்லை, தெய்வம் தண்டித்தது என்ற விளக்கத்தையே அவர் சேர்த்துக்கொள்வதில்லை. நிசியாஸ் கொல்லப்பட்டபோது, என் காலத்துக் கிரேக்கர்களில் இப்படி ஒரு முடிவு வரக்கூடாத ஆள் இவர், ஒழுக்கமாக வாழ்ந்தவர் என்று எழுதுகிறார். நல்லவனுக்கு நல்லது நடக்கும் என்று சொல்ல வந்தவர் இதை எழுத மாட்டார். அவர் காட்டுவது வேறு: பலம் இருக்கிற ஊர் தன் பேச்சைத் தானே நம்ப ஆரம்பித்தால் கணக்குப் பார்க்கிற பழக்கம் போய்விடுகிறது. மனித சுபாவம் மாறாதவரை இதுவும் இது போன்றதும் மறுபடி நடக்கும், அப்போது படிக்கிறவனுக்கு உபயோகமாக இருந்தால் போதும் என்று முதல் புத்தகத்திலேயே அவர் சொல்லிவிட்டார்.

மிட்டிலீன் கதையும் இதே வகை, ஆனால் முடிவு வேறு. கி.மு. 427இல் ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பிய அந்த ஊரின் ஆண்கள் அத்தனை பேரையும் கொல்ல ஏதென்ஸ் சபை முடிவு செய்து கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனசு கேட்காமல் மறுபடி கூடினார்கள். கிளியோன் கொல்லத்தான் வேண்டும் என்கிறான். எதிர்த்துப் பேசுகிற டயோடோட்டஸ் இரக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை, கொல்வதால் நமக்கு லாபம் இல்லை என்று மட்டுமே பேசுகிறான். மயிரிழையில் ஜெயிக்கிறான். இரண்டாவது கப்பல் கிளம்புகிறது. துடுப்புப் போட்டுக்கொண்டே ஒயினும் எண்ணெயும் பிசைந்த பார்லி மாவைத் தின்கிறார்கள், முறை வைத்துத் தூங்குகிறார்கள். முதல் கப்பல்காரர்கள் பிடிக்காத வேலைக்குப் போவதால் மெதுவாகப் போகிறார்கள். மிட்டிலீனில் இருந்த ஏதென்ஸ் தளபதி ஆணையைப் படித்து முடித்து நிறைவேற்றப் போகிற நேரத்தில் இரண்டாவது கப்பல் வந்து சேர்கிறது. இரக்கம் ஜெயித்தது, ஆனால் லாபக் கணக்கு என்ற வேஷம் போட்டுத்தான் ஜெயிக்க முடிந்தது.

"தூசிடிடிஸ் பொறி" என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எழுகிற வல்லரசும் ஏற்கெனவே இருக்கிற வல்லரசும் மோதிக்கொள்ளும் என்ற இந்தக் கருத்தை அமெரிக்கா, சீனா விஷயத்தில் பரப்பியவர் ஹார்வர்டு பேராசிரியர் கிரஹாம் ஆலிசன். 500 வருஷத்தில் இப்படி 16 சந்தர்ப்பம், அதில் 12 போரில் முடிந்தன என்பது அவர் கணக்கு. இதற்கு அடிப்படை தூசிடிடிஸின் ஒரே வாக்கியம்: ஏதென்ஸ் வளர்ந்ததும் அது ஸ்பார்ட்டாவுக்குத் தந்த பயமும் போரைத் தவிர்க்க முடியாததாக ஆக்கின. வாக்கியம் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் எட்டுப் புத்தகத்தில் அவர் மெனக்கெட்டுக் காட்டுவது போர் எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் இல்லை, தொடங்கிய பிறகு சபையில் உட்கார்ந்து கைதூக்கியவர்கள் எடுத்த முடிவுகளை. பொறி என்று சொன்னால் அந்தக் கைகள் மறைந்துவிடுகின்றன.

## செனபோன்: தெய்வம் வந்தது, மனிதர் காணாமல் போனார்

செனபோன் நேராகவே சொல்லிவிடுகிற ஆள். கி.மு. 382இல் ஸ்பார்ட்டா, எல்லா ஊரும் சுதந்திரமாக இருக்கலாம் என்று சத்தியம் செய்துவிட்டு, தீப்ஸ் நகரத்தின் கோட்டையைப் பிடித்துக்கொண்டது. அதுவரை யாராலும் தோற்கடிக்க முடியாத ஸ்பார்ட்டா, எந்த ஊருக்குத் துரோகம் செய்ததோ அந்த ஊராலேயே தண்டிக்கப்பட்டது, பாவம் செய்கிறவர்களைத் தெய்வங்கள் சும்மா விடுவதில்லை என்பதற்கு இதுவே சாட்சி என்று கதையை நிறுத்திச் சொல்கிறார். அவர் ஸ்பார்ட்டாவின் நண்பர், அதனால் இந்தத் தீர்ப்புக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுக்கலாம்.

கி.மு. 371இல் லியூக்ட்ரா போரில் ஸ்பார்ட்டாவை உடைத்த தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ். அந்தப் போரை விவரிக்கிற செனபோன் அவர் பெயரையே எழுதவில்லை. தண்டனை தெய்வத்தின் கணக்கில் போய்விட்டது, ஜெயித்த மனிதருக்கு வரியே இல்லை.

## பாலிபியஸ்: அடுத்தவன் அடிபட்டதைப் பார்த்துக் கற்றுக்கொள்

53 வருஷத்துக்குள் ரோம் எப்படி உலகத்தையே தன் கையில் கொண்டுவந்தது என்று எழுதியவர் பாலிபியஸ். 40 புத்தகம், முழுசாக மிஞ்சியது 5. வரலாறு படிப்பதுதான் அரசியலுக்கான பயிற்சி, விதி மாறும்போது தாங்கிக்கொள்ளக் கற்றுத்தருவது பிறருடைய வீழ்ச்சியின் நினைவுதான் என்று முதல் பக்கத்திலேயே கொள்கையைப் போட்டுவிடுகிறார்.

உதாரணம் ரெகுலஸ். இந்த ரோமானியத் தளபதி ஆப்பிரிக்காவில் கார்த்தேஜை முட்டுக்குத் தள்ளிவிட்டு, சமாதானம் கேட்டு வந்தவர்களிடம் தோற்றவர்களிடம்கூட யாரும் கேட்காத நிபந்தனைகளைப் போட்டார். கார்த்தேஜ்காரர்கள் ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த சாந்திப்பஸ் என்ற ஒரு கூலிப்படைத் தலைவனிடம் படையைக் கொடுத்தார்கள், கி.மு. 255இல் ரெகுலஸ் தோற்றுக் கைதியானார். இங்கே பாலிபியஸ் நின்று பேசுகிறார்: திருந்துவதற்கு இரண்டு வழி, சொந்த அடி, அடுத்தவன் பட்ட அடி. முதலாவது நன்றாக உறைக்கும், இரண்டாவது வலிக்காது.

எல்லாவற்றுக்கும் டூகே மேல் பழி போடுவதும் அவருக்குப் பிடிக்காது. மழை, பஞ்சம், கொள்ளைநோய் போலக் காரணம் தெரியாததற்குத் தெய்வத்தைச் சொல்லுங்கள். கிரேக்க நாட்டில் ஜனத்தொகை குறைகிறது என்றால் எதற்குக் குறி கேட்கப் போகிறீர்கள், சொகுசாகப் பழகிப்போய்க் கல்யாணம் வேண்டாம், பிள்ளை ஒன்றிரண்டு போதும் என்று இருக்கிறீர்கள், அதுதான் காரணம் என்கிறார். (2200 வருஷத்துக்கு அப்புறமும் இந்தப் பேச்சு ஓயவில்லை.)

அவரும் சறுக்கினார். மண்டினியா நகரம் வீழ்ந்ததைப் பற்றி எழுதிய ஃபிலார்க்கஸ் என்பவர், தலைவிரி கோலமாக, மார்பு திறந்து கிடக்க, ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிற பெண்கள், கிழவர்களோடும் குழந்தைகளோடும் இழுத்துப் போகப்படுகிறவர்கள் என்று காட்சிகளாக அடுக்கியிருந்தார். நாடகம் எழுதாதே, காரணத்தைச் சொல், அந்த ஊர்க்காரர்கள் தங்களைக் காக்க வந்த எங்கள் வீரர்களைக் கொன்றவர்கள் என்று பாலிபியஸ் பாய்கிறார். வாதம் சரியானதே. ஆனால் "எங்கள்" என்பதைக் கவனியுங்கள்: மண்டினியாவைப் பிடித்தது பாலிபியஸின் சொந்தக் கூட்டமைப்பு, ஃபிலார்க்கஸ் எதிர்த் தரப்பின் அபிமானி.

## பாடத்துக்காகச் சம்பவம் வளைந்ததா?

வளைந்தது. எங்கெல்லாம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

1. ஆட்களைச் சந்திக்க வைப்பது. சோலோன் ஏதென்ஸில் பதவியில் இருந்தது கி.மு. 594. குரோசஸ் அரியணை ஏறியது 560 வாக்கில். சந்திப்பு நடந்திருக்க முடியாது என்று பழங்காலத்திலேயே சொன்னார்கள். புளூட்டார்க் பதில்: இவ்வளவு பேர் சொல்கிற, சோலோனின் குணத்துக்கு இவ்வளவு பொருந்துகிற கதையைக் காலக்கணக்குக்காகத் தள்ளிவிட மாட்டேன். இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல முடியாது. ஹெரோடோட்டஸுக்கு முன்பே, கி.மு. 468இல், கவிஞர் பக்கிலிடிஸ் பாடிய பாட்டில் குரோசஸ் தானே விறகு மேட்டில் ஏறுகிறான். அந்தக் காட்சியில் சோலோனே இல்லை.

2. பேச்சுகள். சொன்ன வார்த்தைகள் அப்படியே கிடைக்கவில்லை, உண்மையில் பேசியதன் சாரத்தை ஒட்டி, அந்தச் சமயத்துக்கு ஒவ்வொருவரும் என்ன பேசியிருக்க வேண்டுமோ அதை எழுதினேன் என்று தூசிடிடிஸே ஒப்புக்கொள்கிறார். மெலோஸ் பேச்சு மூடிய அறையில் நடந்தது, அவர் அப்போது நாடுகடத்தப்பட்டு வெளியே இருந்தார். ஆகவே அந்தப் பிரபல வரி தூதர்கள் சொன்னதுகூட முழுசாக இல்லை, தூதர்கள் வாயில் தூசிடிடிஸ் வைத்தது. அதற்காக அது அவர் கருத்து ஆகிவிடாது.

3. இல்லாத காட்சி. சிராக்கூஸில் பிடிபட்டவர்களை என்ன செய்வது என்பதைத் தூசிடிடிஸ் சில வரிகளில் முடிக்கிறார். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு அப்புறம் எழுதிய டியோடோரஸிடம் பெரிய சபையே கூடுகிறது. போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்த நிக்கோலஸ் என்ற கிழவரை வேலைக்காரர்கள் தாங்கிப் பிடித்து மேடைக்குக் கூட்டி வருகிறார்கள். பழிவாங்கப் போகிறார் என்று எல்லோரும் நினைக்க, அவர் கைதிகளுக்காக இரக்கம் கேட்டு நீண்ட நேரம் பேசுகிறார். ஸ்பார்ட்டா தளபதி கிலிப்பஸ் எதிர்த்துப் பேசி ஜெயிக்கிறார். தூசிடிடிஸ் சொல்வதோ, பிடிபட்ட ஏதென்ஸ் தளபதிகள் இரண்டு பேரையும் உயிரோடு ஊருக்குக் கொண்டு போக கிலிப்பஸ் ஆசைப்பட்டார் என்று. கிழவர் பேச்சு உருக்கமானது, ஆனால் சாட்சி தேடுகிறவர் அதைத் தொட முடியாது.

## எழுதுகிறவனுக்கும் நீதி உண்டா?

ராஜாக்களுக்குப் பாடம் சொன்னது போதாதென்று எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவரும் பாடம் சொன்னார்கள். ரோமில் வாழ்ந்த டயனீசியஸ், தூசிடிடிஸ் எடுத்துக்கொண்ட விஷயமே தப்பு என்றார். அந்தப் போர் பெருமையானதும் இல்லை, அதிர்ஷ்டமானதும் இல்லை, நடக்காமல் இருந்திருக்கலாம், நடந்ததை மறந்தாவது போயிருக்கலாம், ஹெரோடோட்டஸ் மாதிரி நம் முன்னோர் ஜெயித்ததை எழுதுவதுதானே நல்லது என்பது அவர் வாதம். பாலிபியஸ் கொள்கை இதற்கு நேர் எதிர்: நல்ல மனிதன் நண்பனை நேசிக்க வேண்டும், ஆனால் வரலாறு எழுத உட்கார்ந்தால் எதிரியைப் புகழவும் நண்பனைக் கண்டிக்கவும் வேண்டிவரும்.

புளூட்டார்க் இன்னும் ஒரு படி போய், ஹெரோடோட்டஸின் கெட்ட புத்தியைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். தெரிந்த உண்மையைச் சொல்ல வேண்டும், தெளிவில்லாத விஷயத்தில் இரண்டு விதமாகச் சொன்னால் நல்லவிதமானதை எடுக்க வேண்டும், அதுதான் நேர்மை என்பது அவர் அளவுகோல். கோபத்துக்குக் காரணம் இருந்தது. புளூட்டார்க் தீப்ஸ் இருக்கும் பொயோஷியா பகுதிக்காரர். பாரசீகர்களை எதிர்த்து நின்ற தெர்மோபிலே போரில் தீப்ஸ் வீரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு பாரசீகர்களிடம் ஓடினார்கள், செர்க்சீஸ் அவர்களுக்குச் சூடு போட்டு அரச முத்திரை குத்தினான், முதல் சூடு அவர்கள் தளபதி லியொண்டியாடஸுக்கு என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருந்தார். சூடு போட்டதாக ஹெரோடோட்டஸுக்கு முன்னால் யாருக்குமே தெரியாது என்று புளூட்டார்க் எழுதினார். அதோடு நிற்கவில்லை, உள்ளூர் அதிகாரிகளின் பதிவுகளைப் பார்த்து எழுதிய ஒருவரைச் சாட்சிக்கு இழுத்து, அங்கே தளபதியாக இருந்தது லியொண்டியாடஸே இல்லை, அனக்சாண்டர் என்றார்.